சீம்பாலுக்கு அடியில் ஓர் இலை

“கை நீட்டுங்க” என்றார் அவர்.

மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். பெரியப்பா கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி உள்ளங்கையைக் குழித்து முதல் ஆளாக நீட்டினார். அம்மா முந்தானையில் ஒரு தரம் துடைத்துவிட்டு நீட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா வளையல்களை மேலே தள்ளிக்கொண்டு நீட்டினார். என் வலது கை மட்டும் மடியில், புடவை மடிப்புக்குள் ஒளிந்திருந்தது.

மலை உச்சி அது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் சாமைக் காடு. நடுப்பகல் வெயிலிலும் காற்று சில்லென்று இருந்தது. சமையலறையிலிருந்து வைக்கோல் புகை வாசனை வந்துகொண்டிருந்தது. அந்த வாசனையை எங்கே முகர்ந்தாலும் எனக்கு மாட்டுத் தொழுவம்தான் ஞாபகத்துக்கு வரும். அன்றைக்கும் வந்தது. கையை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டேன்.

கையின் ஜாதகம்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் கையைத் தெரியும். போன வாரம் எருமையிடம் உதை வாங்கியதும் அதே கைதான். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மாட்டு டாக்டர். வத்தல்மலை அடிவாரத்தில் ஒரு கால்நடை மருந்தகத்தில் வேலை. மலை மேலே இருக்கிற மாடுகளும் என் கணக்குத்தான்.

சினை பார்ப்பது, சினை ஊசி போடுவது, கன்று மாட்டிக்கொண்டால் எடுப்பது என்று பாதி வேலை தோள்வரை கையை உள்ளே விட்டுச் செய்கிற வேலை. நீளமான பிளாஸ்டிக் கையுறை கொடுப்பார்கள். பாதி நேரம் அது கிழிந்துவிடும், மீதி நேரம் ஸ்டாக் இருக்காது.

மாடு வைத்திருக்கிறவர்கள் யாரும் இந்தக் கையைக் குறை சொன்னதில்லை. கன்று பிழைத்தால் அதே கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்குத்தான் இது பெரிய விஷயம்.

பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், பஜ்ஜியை வாயில் வைத்த பிறகுதான் பெண்ணுக்கு என்ன வேலை என்று விவரமாகக் கேட்டது. விவரமாகவே சொன்னேன். மாப்பிள்ளையின் அத்தை மென்றுகொண்டிருந்ததை நிறுத்தி, “பஜ்ஜி யாரு போட்டதுங்க?” என்று கேட்டார். அம்மா தான் போட்டதாகக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணாத குறை. கடித்த பஜ்ஜிகள் கடித்தபடியே தட்டில் கிடந்தன. அவர்கள் போன பிறகு அவற்றைக் கோழிக்குப் போட்டோம். கோழிகள் எதுவும் கேட்கவில்லை.

அடுத்து வந்த இடங்களிலும் சுற்றி வளைத்து இதே பேச்சுத்தான். பொண்ணு தங்கமான பொண்ணு, ஆனா அந்தக் கையில சோறு போட்டா எப்படிங்க எறங்கும் என்பார்கள்.

வெளியாட்களை மட்டும் சொல்வானேன். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அம்மா என் தட்டில் ஒரு ஸ்பூன் வைக்க ஆரம்பித்தாள். நாளெல்லாம் அலைகிறவளுக்குக் கை அசந்திருக்கும் என்று காரணம் சொன்னாள். ராகிக் களியை ஸ்பூனில் சாப்பிடுகிற ஒரே ஆள் தர்மபுரி ஜில்லாவிலேயே நானாகத்தான் இருப்பேன். களியைக் கையால் கிள்ளி, உருட்டி, குழம்பில் தோய்த்து முழுங்க வேண்டும். ஸ்பூனில் எடுத்தால் ஸ்பூனோடு ஒட்டிக்கொண்டு வரவே வராது. எனக்கு மட்டும் துரைசானி உபசாரம் என்று நானும் சிரித்துக்கொண்டே சாப்பிடுவேன்.

அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னவோ போல் இருக்கிறது.

தீவிலிருந்து வந்தவர்

மாப்பிள்ளையின் பெயர் கோகுல். சமையல் படித்துவிட்டு நார்வே தேசத்துக்குப் போனவர். அங்கே படகில் மட்டுமே போகக்கூடிய ஒரு தீவு, அதில் ஒரே ஒரு ஹோட்டல். கடல்பாசி, மரத்தின் இளம் துளிர், காய்ந்த மீன் என்று அந்தத் தீவைச் சுற்றி என்ன கிடைக்கிறதோ அதை மட்டுமே சமைப்பார்களாம். அதைச் சாப்பிட எங்கிருந்தெல்லாமோ விமானம் ஏறி வருவார்களாம். பல வருஷம் அங்கே இருந்துவிட்டு ஊர் திரும்பி, அதே மாதிரி ஒன்றை வத்தல்மலை மேலே போட்டிருந்தார். முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் இடம். வார இறுதியில் பெங்களூர் கார்கள் வளைவு வளைவாக ஏறிப் போகும்.

அடிவாரத்தில் இதைப் பற்றிப் பேச்சு வேறு மாதிரி இருந்தது. ஆடு மேய்கிற தழையைப் பறித்துக் கல் மேலே வைத்துக் கொடுக்கிறான், அதைத் தின்ன காரில் வருகிறார்கள், கலி முத்திவிட்டது என்பார்கள்.

அவருக்கும் பெண் கிடைக்கவில்லை. சமையல்காரனுக்கா பெண் கொடுப்பது என்று இண்டூர் வரைக்கும் தட்டிப்போயிருந்தது. மாட்டுக்காரிக்கும் அடுப்புக்காரனுக்கும் முடிச்சுப் போட்டால் தேவலை என்று புரோக்கர் கணக்குப் போட்டார். எங்களிடம் அவருடைய வேலையைப் பற்றி மறைக்க ஒன்றும் இல்லை. அவர்களிடம் என்னைப் பற்றிச் சொல்லும்போதுதான் அம்மா குறுக்கே விழுந்தாள். கால்நடைத் துறையில ஆபீஸ் வேலைன்னு சொல்லிடுங்க, கல்யாணம் ஆவட்டும், அப்புறம் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போவுது என்றாள்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. முப்பதைத் தாண்டிய பிறகு கல்யாணப் பேச்சில் பெண்ணுக்கு வாய் தானாகச் சிறுத்துவிடுகிறது.

ஹோட்டல் வீடாகுமா?

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் இனிப்பு சாப்பிடலாம், காப்பி குடிக்கலாம். சாப்பாடு சாப்பிடக் கூடாது. இலையில் உட்கார்ந்து கையை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் பின்வாங்கினால் ஊர் காறித் துப்பும்.

கோகுலின் அம்மா, மாப்பிள்ளையைப் பார்க்க ஹோட்டலுக்கே வந்துவிடுங்கள், விருந்தாளிகள் வராத நாள்தான், அவன் அடுப்படியை விட்டு நகரமாட்டான் என்று சொல்லியனுப்பினார். எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. மாப்பிள்ளையின் ஹோட்டலில் சாப்பிட்டால் அது கை நனைத்ததாகுமா ஆகாதா? அப்பா இல்லாத வீட்டில் எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்வது பெரியப்பா. அவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். வீட்டில் சாப்பிட்டால்தான் கை நனைப்பது, ஹோட்டலில் காசு கொடுத்தால் அது வியாபாரம் என்றார். காசு வாங்காவிட்டால் என்று அம்மா கேட்டாள். அதுதான் வம்பு என்று சொல்லி, இனிப்புத் தவிர எதையும் தொடுவதில்லை என்று முடிவு பண்ணினார்.

யாருக்கும் சபலம் வந்துவிடக் கூடாது என்று மலை ஏறுவதற்கு முன்பே, அடிவாரத்தில் புளியமரத்தடியில் காரை நிறுத்தி அம்மா இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். எல்லோரும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, நாட்டிலேயே பேர் எடுத்த ஒரு சாப்பாட்டு மேசைக்குப் போய் உட்கார்ந்தோம்.

முதலில் ஒரு கறுப்புக் கல் வந்தது. அதன் மேலே மொறுமொறுவென்று வறுத்த கல்பாசி. நார்வேயில் கலைமான் தின்கிற பாசியை இப்படித்தான் வறுத்து வைப்பார்களாம். பெரியப்பா குனிந்து பார்த்துவிட்டு, “பிரியாணிக்குப் போடற சாமான் வந்துருக்குது. பிரியாணி பின்னால வருமுங்களா?” என்று கேட்டார். யாரும் தொடவில்லை. கல் திரும்பிப் போனது.

பிறகு அப்பளம் மாதிரி மெலிசான ராகி ரொட்டி, மேலே பொடிப்பொடியாகப் புளியாரைத் தழை. அதுவும் வந்த வழியே போனது. நாங்கள் தண்ணீர் மட்டும் குடித்தோம். கோகுல் ஒவ்வொன்றையும் தானே கொண்டு வந்து, எந்தப் பாறையிடுக்கில் கிடைத்தது, எப்படிச் செய்தது என்று சொல்லிவிட்டு, தொடாத தட்டைத் தானே எடுத்துப் போனார். முகம் சுளிக்கவில்லை. வழக்கம் அவருக்கும் தெரியாமல் இருக்காது. ஆனாலும் விடிகாலையில் எழுந்து பாறை பாறையாக ஏறிப் பறித்ததை ஒருவர் கொண்டு வந்து வைக்க, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்னால் தாங்க முடியாததாக இருந்தது. தலையை நிமிர்த்தாமல் மேசையின் மரக்கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து வைக்கோல் புகையில் வேகவைத்த நாட்டுக்கோழி முட்டை. மூடியைத் திறந்ததும் புகை எழும்பி எங்கள் முகத்தில் அடித்தது.

“வைக்கப் போரு பத்திக்கிச்சாட்டம் இருக்குது” என்றார் பெரியப்பா. “மாட்டுத்தீனி வாசனை.”

கோகுல் சிரித்தார். “ஆமாங்க. தொழுவத்து வாசனைதான். எனக்கு ரொம்பப் புடிக்கும்.”

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இப்படி எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது. இந்த மனுஷன் வீட்டில் சாயங்காலம் வேலை முடிந்து போய் நின்றால் யாரும் மூக்கைப் பொத்த மாட்டார்கள் என்று தோன்றியது. இந்தச் சம்பந்தம் எப்படியாவது அமைந்துவிட வேண்டும் என்று, பெண் பார்க்கும் படலத்தில் முதல் முறையாக, நானே வேண்டிக்கொண்டேன்.

நடுவில் எதுவும் இருக்கக் கூடாது

கடைசியில் இனிப்பு என்று அவருடைய அம்மா அறிவித்தார். இனிப்பு சாப்பாட்டுக் கணக்கில் வராது என்பதால் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கோகுல் ஒரு மண்சட்டியோடு வந்தார். சீம்பாலை ஆவியில் வேகவைத்துக் கட்டியாக்கி, மலைத்தேன் விட்டிருந்தார். நார்வேயிலும் மாடு கன்று போட்டால் அந்தப் பாலை இப்படித்தான் செய்வார்களாம். கேட்டதும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

“அந்த ஊர்ல கடைசிப் பண்டத்தத் தட்டுல வெக்க மாட்டோம். கையிலதான் வெப்போம்” என்றார். “செஞ்ச கைக்கும் சாப்புடற கைக்கும் நடுவுல எதுவும் இருக்கக் கூடாதுன்னு எங்க செஃப் சொல்லுவாரு. கை நீட்டுங்க.”

இங்கேதான் ஆரம்பித்தேன். மூன்று கைகள் நீண்டிருந்தன. என் கை மடியில் இருந்தது.

பெரியப்பாவின் உள்ளங்கையில் ஒரு துண்டு வைத்தார். அம்மாவுக்கு வைத்தார். தன் அம்மாவுக்கு வைத்துக்கொண்டே, இந்தப் பாலுக்கு ஒரு கதை உண்டு என்றார். முந்தின நாள் மலை மேலே ஒரு வீட்டில் செவலை மாடு ஒன்று கன்று போட முடியாமல் தவித்ததாம். கீழேயிருந்து ஒரு டாக்டரம்மா ஏறி வந்து, மாட்டுக்குள் கையை விட்டு, மடங்கிக் கிடந்த காலை நிமிர்த்திக் கன்றை இழுத்துப் போட்டாராம். மாடும் பிழைத்தது, கன்றும் பிழைத்தது. அந்த வீட்டிலிருந்து வாங்கிய பால்.

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். அவருடைய அம்மாவின் முகம்தான் கோணியது. “பொம்பளயா? அந்தக் கையில எப்பிடித்தான் சோறு திங்கறாங்களோ போ” என்றார்.

அம்மா மேசைக்கு அடியில் என் தொடையைப் பிடித்து அழுத்தினாள். பேசாமல் இரு என்று அர்த்தம்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அந்தச் செவலையின் வீட்டுக்காரம்மா, கன்றை எடுத்தவங்களுக்குத்தான் முதல் சீம்பால் என்று என்னைக் காத்திருக்கச் சொன்னார். மருந்தகத்தில் ஆள் நிற்கிறார்கள் என்று நான்தான் கிளம்பி வந்துவிட்டேன். எனக்கு வர வேண்டிய பால் என்னைத் தேடிக்கொண்டு மேசைக்கே வந்திருந்தது. தொழுவத்து வாசனை பிடிக்கும் என்று சொன்ன மனுஷன் அதைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நின்றார். அவரிடம் மறைத்து எனக்கு என்ன கிடைத்துவிடப் போகிறது?

“அது நான்தாங்க” என்றேன். கையை நீட்டினேன்.

அவருடைய அம்மா தன் உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்தார். கோகுல் என் கையைப் பார்த்தார். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தேன். காலையில் எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தேன். உள்ளங்கையில் முந்தின நாள் கயிறு அறுத்த கோடு சிவப்பாகத் தெரிந்தது.

சீம்பால் துண்டு அவர் வலது கையில் அப்படியே நின்றது. அவர் முகத்தில் சிரிப்பு குறையவில்லை. பக்கத்து மேடையில் தட்டுக்கு அடியில் போடுவதற்காக மந்தாரை இலைகளைக் கழுவி அடுக்கி வைத்திருந்தார்கள். இடது கையால் அதிலிருந்து ஒன்றை எடுத்தார். என் உள்ளங்கையில் வைத்தார். விரல் படாமல் வைத்தார். அதன் மேலே சீம்பாலை வைத்தார்.

“சாப்பிடுங்க டாக்டர்” என்றார்.

இலையை மடித்த விதம்

பெரியப்பா இருக்கிறாரே, அவர் எந்த இடத்திலும் தோரணம் கட்டிவிடுவார். “பாத்தீங்களா, டாக்டருக்கு மட்டும் எலை போட்டு மரியாதை” என்றார். எல்லோரும் அவசரமாகச் சிரித்தார்கள். அம்மாகூடச் சிரித்தாள். கோகுலும் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. அந்த இலையை எடுத்ததுகூட யோசித்துச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. கை தானாகப் போனது. அதனால்தான் அப்படிச் சுட்டது.

எழுந்து வந்திருக்கலாம். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் இலையோடு வாய்க்குக் கொண்டுபோய் அதைச் சாப்பிட்டேன். வாயில் வைத்ததும் கரைந்தது. தேன் கொஞ்சமாக, பால் வாசனை கெடாமல் இருந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு சீம்பாலைச் சாப்பிட்டதில்லை. காது மடல் வரைக்கும் அவமானத்தில் கொதிக்க, நாக்கு அதுபாட்டுக்கு ருசி பார்த்துக்கொண்டிருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் இன்னொரு காரியம் செய்தேன். எங்கள் பந்தியில், சாப்பாடு மனசுக்கு நிறைவு, உறவு தொடரட்டும் என்றால் இலையைத் தன் பக்கமாக மடிப்பார்கள். சாவு வீட்டுப் பந்தியில்தான் வெளிப்பக்கம் மடிப்பார்கள். உள்ளங்கை அகல மந்தாரை இலை அது. அதை நான் ஒழுங்காக, என் பக்கமாக மடித்து மேசையில் வைத்தேன். சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். அம்மாவும் பார்த்தாள், அவருடைய அம்மாவும் பார்த்தார்.

மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் பெரியப்பா மட்டும் ஏப்பம் விட்டார்.

மறுநாள் மத்தியானம்

மறுநாள் வீட்டில்தான் இருந்தேன். சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் புரோக்கர் போன் செய்தார். அவர்களுக்குச் சம்மதம். பையனுக்கும் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள்தான். கல்யாணத்துக்கு முன்னால் எப்படியாவது ஆபீஸ் சீட்டுக்கு மாற்றல் வாங்கிக்கொள்ள வேண்டும். கையால் செய்கிற வேலை வேண்டாமாம்.

அம்மா போனைக் கையில் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் எத்தனையோ வருஷத்து ஆசை நின்றது. வேண்டாம் என்று சொல்லிவிடும்மா என்றேன். அவள் கெஞ்சினாள். நான் தலையை ஆட்டினேன். அப்புறம் பேசுகிறோம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அடுப்படிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“வேணாங்கிறவ எதுக்குடி எலைய உன் பக்கம் மடிச்ச?” என்று கேட்டாள்.

“நல்லா இருந்துச்சும்மா” என்றேன்.

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் கேட்டேன். “அவரு எனக்கு மட்டும் எலை வெச்சாரு, பாத்தியாம்மா?”

பார்த்தேன் என்றாள். பிறகு களி கிண்டப் போனாள். கோல் சட்டியில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

தட்டில் களி உருண்டையும் கீரைக் குழம்பும் வந்தன. நான் உட்கார்ந்து பார்த்தேன். ஸ்பூன் இல்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்து, வழக்கம் போல அதை எடுத்து வர எழுந்தேன்.

“உக்காரு” என்றாள் அம்மா. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “கையில சாப்புடு.”

உட்கார்ந்தேன். களி நன்றாகச் சுட்டது.